அக்கா சாப்பிட்டது

அக்கா சாப்பிட்ட சாப்பாடு தம்பியின் உடம்பில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஆறு வருடம் இப்படி நடந்த பிறகுதான் வீட்டில் தெரியவந்தது. தெரிந்த பிறகும் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, இரண்டு தட்டுத் தட்டி, நரம்பு தட்டுப்பட்டதும் குத்துவாள். குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டியதும் ஆளின் முகத்தைப் பார்த்துப் பெயரை ஒருமுறை உரக்கப் படிப்பாள். பதினொரு வருடத்தில் ஒரு குழாய்கூட மாறியதில்லை. தம்பி சோபாவில் படுத்திருக்கிறவன். அதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் அவன் படுத்திருந்த நேர்த்தியைப் பார்த்ததில்லை. அவன் சாப்பிடுவதும் குறைவு. அரை ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பான். உடம்பு மட்டும் வருடா வருடம் பூசிக்கொண்டே போனது. ராசியான உடம்பு என்று அம்மா பூரித்துப்போனாள். நாலு ரொட்டி தின்கிற அக்காவுக்கோ வளையல் முழங்கை வரை ஏறியது. "திங்கிறதெல்லாம் எங்கதான்டி போகுது?" என்று அம்மா தினமும் கேட்டாள். நல்ல கேள்விதான். பதிலுக்காக அவள் ஒரு நாளும் நின்றதில்லை.

மாமா யார் யார் காலிலோ விழுந்து தம்பிக்கு ஒரு வேலை பார்த்து வைத்தார். அதற்கு உடல்தகுதிச் சான்று வேண்டுமென்று அக்கா அவனுக்கு ரத்தம் எடுத்தாள். அவன் எழுந்து பல்கூட விளக்கவில்லை. அவள் அப்போதுதான் இரண்டு வாழைப்பழமும் இனிப்பான டீயும் சாப்பிட்டிருந்தாள். தன்னுடைய ஆண்டுப் பரிசோதனைக்கும் அன்றைக்கே ரத்தம் கொடுத்தாள். பட்டினி கிடந்தவனுக்குச் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு, சாப்பிட்டவளுக்கு அறுபத்திரண்டு என்று வந்தது. பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ரத்த அளவு, ஹீமோகுளோபின், அவளுக்கு ஏழுதான். கூடத்தின் டாக்டர் ஏழைப் பார்க்கவில்லை. குழாயை மாற்றிவிட்டாய், ஒரு வாரத்தில் விளக்கம் கொடு, இல்லையென்றால் கிளம்பு என்று கடிதம் நீட்டினார். அவள் அழவில்லை. இரண்டு ஆள் பிடித்துத் தம்பியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஓர் அறையில் அவனையும் அடுத்த அறையில் தன்னையும் உட்காரவைத்து, டாக்டர் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் குளுக்கோஸைக் குடித்தாள். அரை மணிக்கு ஒரு தடவை இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுடைய சர்க்கரை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவனுடையது விறுவிறுவென்று ஏறி, இரண்டு மணி நேரத்தில் ஒழுங்காக இறங்கியது. அவன் நடுவில் ஒருமுறை ஏப்பம் விட்டான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செடியில இப்படித்தாம்மா நடக்கும். இலை தயாரிக்கும், தேவை இருக்கிற பக்கம் போயிடும். கிழங்குக்கு என்ன வேலை, வாங்கி வெச்சுக்கிறதுதான்" என்றார். கடிதத்தைக் கிழித்துப்போட்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பிக்குத்தானே போகுது, வெளியாளுக்கா போகுது?" என்று அக்காவின் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டாள். அந்த வாரம் அக்காவுக்குத் தலை சுற்றி, ஒரு பெரியவரின் கையில் ஊசி தவறிப்போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஊசியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ரொட்டியைத் தொடாமல் அக்கா யோசித்தாள். தேவை இருக்கிற பக்கம் என்றுதானே டாக்டர் சொன்னார், கிழங்கு படுத்துக்கொண்டேதானே வாங்குகிறது. சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, தம்பி குளியலறைக்குப் போன நேரம் பார்த்து சோபாவில் படுத்தாள். அவன் வந்து தலைமாட்டில் நின்றான். அவள் திரும்பிப் படுத்தாள். அம்மா கத்தினாள், கெஞ்சினாள், அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்றாள். அக்கம்பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தம்பி, "வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதும்மா" என்றான். அது பசி. ஆறு வருடமாகத் தொடர்பு விட்டுப்போனதால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா ஊட்டினாள், ஊட்ட ஊட்ட அக்காவின் கன்னம் மினுங்கியது. மாதக் கடைசியில் மாவும் தீர்ந்து, சம்பளமும் வராமல் போகவே, தன் வாயாலேயே அம்மா அவனை வேலைக்குப் போகச் சொன்னாள். மாமா பார்த்துவைத்த வேலை அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது. தண்ணீர்க் கேன் ஏற்றி இறக்கப் போனான்.

விடுப்பு தீர்ந்து அக்காவும் வேலைக்குத் திரும்பினாள். திரும்பின ஓட்டம் மறுபடி திரும்பவில்லை; அவன் சாப்பிட்டது அவளுக்கே வந்துகொண்டிருந்தது. ஆறு வருடம் பெண் தேய்ந்ததைப் பார்க்காத அம்மா, பையன் இளைத்ததைப் பத்தே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். கண்ணீரும் கம்பலையுமாகப் போய் இரும்புச்சத்து டானிக் வாங்கிவந்து அவனுக்குக் காலையும் மாலையும் இரண்டு ஸ்பூன் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து அக்கா தன் ரத்தத்தை எடுத்து, சீட்டை ஒட்டி, கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் தன் பெயரை உரக்கப் படித்தாள். ரத்த அளவு பன்னிரண்டரை என்று வந்தது. வீட்டுக்குப் போகிற வழியிலேயே அதே டானிக்கில் பெரிய பாட்டிலாக ஒன்று வாங்கிக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தாள், தம்பிக்கு என்று. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது உனக்குத் தம்பிமேல பாசம் வந்துச்சே."

தம்பி கேனை இறக்கி வைத்துவிட்டு வந்து வாயைத் திறந்தான்.