எட்டு இன்ச் பெட்டி எங்கே இருக்கிறது?

1

இந்தக் கதைக்குக் காரணம் என் தம்ளர். மேசைமேல் தண்ணீரோடு வைத்த எவர்சில்வர் தம்ளர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல் அரை விரற்கடை நகர்ந்தது. ஆரணியில் நிலநடுக்கம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் போர்ஷனில் சூர்யகலா புதிதாக வாங்கிய சப்வூஃபர், அதாவது பாட்டின் கனத்த அடிச்சத்தத்தை, 'பேஸை' மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டி, செய்த வேலை அது.

வாங்கச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் தெரியவந்தால் என்னைக் கேவலமாக நினைப்பீர்கள். [இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்கிறீர்களா? அதுவும் சரிதான்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "பட்டுத்தறிகளின் தாளத்தில் கண்விழிக்கும் ஆரணி நகரின் ஒரு பொன்னிறக் காலையில்…"

வேண்டாம். இது ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் போக வேண்டிய வாக்கியம்.

இரண்டாவது முயற்சி: "சூர்யகலாவுக்கு முப்பத்தாறு வயது. அவள் கண்களில் சொல்ல முடியாத ஒரு…"

இதை வாசித்த சூர்யகலா, "கண்ணுல இன்னாண்ணா சொல்ல முடியாதது? பவர் கண்ணாடி போட்டுகினு இருக்கேன், அத்த எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

[பாத்திரங்களிடம் கதையைக் காட்டும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இரண்டு போர்ஷனுக்கும் ஒரே சுவர். மறைத்தாலும் தெரிந்துவிடும்.]

மூன்றாவது முயற்சி, நேராக: பத்துக்குப் பத்து அறை. முக்கால்வாசி இடம் தறிக்கு. தறிக்குக் கீழே குழி. பலகையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு சூர்யகலா நாளுக்குப் பத்து மணி நேரம் நெய்கிறாள். மீதி இடத்தில் பீரோ, டிவி, அரிசி டிரம், கணவன் ஜெயவேல். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுவதால் பகலில் கொஞ்சம் இடம் மிச்சம்.

போனில் பாட்டு வைத்தால் தறிச் சத்தத்தில் கேட்பதில்லை. இயர்போன் மாட்டினால் இழை அறுவது தெரிவதில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"மத்தியானத்துக்கு மேல காலு மரத்துப்பூடுதுண்ணா. காலு இருக்குதா இல்லியான்னே தெரில. எனக்குக் காதுக்கு வேணாம். காலுக்குப் பாட்டு வேணும்."

காலுக்குப் பாட்டு! இருபது வருடமாக எழுதுகிறேன், எனக்கு இப்படி ஒரு வாக்கியம் வாய்த்ததில்லை. வயிறெரிந்தது. அந்த எரிச்சலோடுதான் சப்வூஃபர் வாங்கச் சொல்லி, அவளுடன் கடைக்குப் போனேன்.

3

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடை. நீல விளக்கு சுழலும் பன்னிரண்டு இன்ச் பெட்டி ஒன்றை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். கடைக்காரர் ஜோபின் தலையாட்டினார்.

"அக்கா, அது மண்டபத்துக்கு. உங்க ரூமுக்கு எட்டு இன்ச் போதும். ஓட்டை இல்லாத, மூடின பொட்டியா எடுத்துக்கோங்க. ஓட்டை வெச்சது சின்ன ரூம்ல கொழகொழன்னு இழுக்கும். இது டக்குனு அடிச்சி டக்குனு நிக்கும்."

"லைட்டு எரியாதா?"

"எரியாதுக்கா."

அந்த நீல விளக்குக்காக அவள் ஒரு நிமிடம் துக்கம் அனுசரித்தாள். பிறகு எட்டு இன்ச்சை வாங்கினாள்.

பொருத்தும் வித்தையையும் ஜோபின்தான் சொன்னார். "நீங்க உக்கார்ற எடத்துல பொட்டிய வெச்சி பாட்டு போடுங்க. அப்புறம் ரூம் முழுக்க மண்டி போட்டுகினு சுத்துங்க. எங்க பேஸ் சுத்தமா கேக்குதோ, அங்க பொட்டி. நீங்க பழைய எடத்துக்கே போயி உக்காந்துக்கோங்க."

ஆகவே பெட்டி தறிப்பலகைமேல் ஏறி, நெய்ய வந்த ஆள்போல உட்கார்ந்தது. நாங்கள் இருவரும் தரையில். பீரோ மூலையில் சத்தம் தேவைக்கு மேல் உருண்டு திரண்டது. வாசலருகே அறவே இல்லை. நான் அரிசி டிரம்மிடம் நாலு காலில் நின்றுகொண்டிருந்தபோது ஜெயவேல் சாப்பிட வந்தான். மனைவியின் இடத்தில் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னாண்ணா, ஏதாவது உழுந்துட்ச்சா?"

"இல்லப்பா. பாட்டு கேக்கறேன்."

அன்று அவன் ஓட்டலில் சாப்பிட்டான்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பெட்டியின் பின்புறத் திருகை எண்பது ஹெர்ட்ஸில் வைத்தோம். அதற்கும் கீழே இறங்கிய கனத்த சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. இதை மறக்காதீர்கள். கதையே இதன்மேல்தான் நிற்கிறது.]

கடைசியில் அறையில் ஓரிடத்தில் பேஸ் சுத்தமாகக் கேட்டது. பெட்டியை அங்கே வைத்தோம். அது எந்த இடம் என்றால்

5

நான்காம் பகுதியில் சொல்லியிருந்தேன். சூர்யகலா அந்தத் தாளைக் கிழித்துவிட்டாள்.

"அறிவு இருக்குதாண்ணா? சாரு படிப்பாரு."

சார் என்றால் எங்கள் இருவருக்கும் வீட்டுக்காரர், பிலவேந்திரன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரணமல்லூரில் இருக்கிறார். நல்ல மனிதர். நான் எழுதும் கதைகளை ஒன்றுவிடாமல் வாசிப்பவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். முன்பு குடியிருந்தவர்கள் ஸ்பீக்கர் செட் வைத்து அலறவிட்டார்களாம், முன்சுவரில் விரிசல் விழுந்ததாம். அன்றிலிருந்து அவர் விதி: எந்தப் போர்ஷனிலும் பெட்டி கூடாது, வைத்தால் காலி செய்ய வேண்டும்.

சூர்யகலா காலி செய்வதென்றால் பாதி நெய்த பாவோடு தறியைப் பிரிக்க வேண்டும், குழியுள்ள வேறு வீடு தேட வேண்டும். விதி எனக்கும் தெரியும். சின்னப் பெட்டிதானே என்று நினைத்தேன். தப்புதான்.

எனவே இடத்தை இப்படி எழுதிக்கொள்கிறேன்:

அ. பெட்டி பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆ. பெட்டி காலி அரிசி டிரம்முக்குள் இருக்கிறது.

இ. பெட்டி குழிக்குள், மிதிகட்டைகளுக்கு அப்பால், இரண்டு செங்கல்மேல் இருக்கிறது.

மூன்றில் ஒன்று உண்மை. மூன்றும் பொய்யாகவும் இருக்கலாம். காது கண்டுபிடிக்க முடியாததைக் கதையும் காட்டிக்கொடுக்காது.

6

இதுவரை எழுதிய மறுநாள், நான் கூப்பிடாமலே கதை கதவைத் திறந்துகொண்டு வந்தது. காலை பதினொரு மணி. சூர்யகலா நெய்துகொண்டிருந்தாள். நான் பாட்டு ஓடிக்கொண்டிருந்த அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, என் தம்ளரின் நலன் கருதி, சத்தத்தைக் குறைக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பிலவேந்திரன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

பாட்டை நிறுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா சத்தம் இது? தெருமொனை வரைக்கும் கேக்குது."

"டிவி சார்" என்றாள் சூர்யகலா.

"டிவி வாயால பேசும்மா. இப்படி அடிவயித்துல குத்தாது."

அவர் வலது காதைப் பீரோ பக்கம் திருப்பினார். இடது காதைக் கதவுப் பக்கம். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். டிரம்மைத் திறந்தார், அரிசி. பீரோவின் பின்னால் எட்டிப்பார்த்தார், ஒட்டடை. [வீட்டுக்காரர் கவனத்துக்கு: அரிசியும் ஒட்டடையும் நானாகச் சேர்த்தவை. எதையும் நம்பாதீர்கள்.] அறையின் நடுவில் வந்து, தறியருகே நின்றார்.

"தம்பி, நீங்க எழுதறவரு. எங்கிட்ட பொய் சொல்லமாட்டீங்க. எங்கேருந்து வருது?"

எழுதுகிறவன் பொய் சொல்லமாட்டான்! அவர் நாற்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவர்.

7

முடிவுகளை மட்டும் சூர்யகலாவிடம் காட்டவில்லை.

முதல் முடிவு: உண்மையைச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் தம்ளர் அசையவில்லை. அருமையாக மூன்று பக்கம் எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கட்டைகளைக் கழற்றும் சத்தம். எழுதிய மூன்று பக்கத்தையும்… இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது முடிவு: "என் போர்ஷன்லேருந்துதான் சார், பெட்டி என்னோடது" என்று நெஞ்சை நிமிர்த்துகிறேன். இந்த ஆளை நான் நேரில் சந்தித்ததே இல்லை.

மூன்றாவது, முடிவு இல்லை, நான் பார்த்தது. கேள்வி கேட்டுவிட்டு நின்ற பிலவேந்திரனின் வலது கால் கட்டைவிரல், வெறும் சிமெண்டுத் தரையில், தாளம் தவறாமல் ஆடிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியாது. அவர் காது இன்னும் தேடிக்கொண்டிருந்தது. கால் கண்டுபிடித்துவிட்டது.

சூர்யகலாவும் அந்த விரலைப் பார்த்தாள். மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். மிதிப்பதை நிறுத்திவிட்டாள். நான் வாயைத் திறந்து, "சார்," என்றேன்.

அதற்குப் பிறகு நான் சொன்னதற்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்:

"……………………………………"

பெட்டியை நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வைத்துவிட்டேன். இனி நீங்கள்தான் மண்டி போட்டுச் சுற்ற வேண்டும். எங்கே சுத்தமாகக் கேட்கிறதோ, அங்கே அந்தப் பதிலை வையுங்கள். பிலவேந்திரன் சார், நீங்கள் மட்டும் நிரப்ப வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் ஜல்தி. பாட்டு முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, குழிக்குள் அவள் கால்கள் அசையாமல் இருக்கின்றன.