302-ஆம் எண் வீட்டுக்குப் போகும் செருப்புகள்

ஜங்மி வில்லாவில் குடியிருப்பவர்களின் செருப்புகள் தினமும் விடிவதற்குச் சற்று முன் கிளம்பி, 302-ஆம் எண் வீட்டு வாசலில் போய் வரிசையாக நின்றுகொள்ளும். இஞ்சான் நகரின் அந்தக் குன்றுச் சரிவில், குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்பதைப் போல இதுவும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீடுகளுக்கெல்லாம் எண் பூட்டுதான். செருப்பு புறப்படும்போது பூட்டு தன் வழக்கமான மெட்டைப் பாடித் திறக்கும், போனபின் தானே மூடிக்கொள்ளும். மழை நாளில் ரப்பர் பூட்சுகள் போகும், பரீட்சை நாளில் பள்ளிப் பிள்ளைகளின் ஷூக்கள் முந்திக்கொண்டு போகும். வேலைக்குக் கிளம்புகிறவர்கள் காலுறையோடு படியேறி வந்து தங்கள் ஜோடியைத் தேடுவார்கள். அப்போது கதவு திறக்கும், பார்லி டீ கிடைக்கும், பெரும்பாலும் சோயா சூப்பும் சோறும் கிடைக்கும். அந்தக் கட்டடத்தில் பஸ்ஸைத் தவறவிடுகிறவர்கள் அதிகமானது இதனால்தான்.

அந்த வீட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது கீழே கடை வைத்திருந்த வீட்டுத் தரகர் பாங் சூனிம். 302-க்கு மட்டுமல்ல, அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை குடும்பங்களையும் குடிவைத்தவள் அவளே. அவளும் கணவர் கிசோலோடு 402-இல்தான் இருந்தாள். வீடு பார்க்க வருகிறவர்கள் எதைக் கேட்பார்கள் என்று அவளுக்கு மனப்பாடம்: ஸ்டேஷன் எவ்வளவு தூரம், வெயில் எந்தப் பக்கம், கார் நிறுத்த இடம் உண்டா. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இந்தக் காலத்தில் வீடு என்பது நன்றாக மூடிக்கொள்ளும் ஒரு கதவு, அவ்வளவுதான் என்று அவள் சொல்வாள். அந்த ஒரு வரியிலேயே பல வீடுகள் விலைபோயின. கதவை மூடிக்கொண்டவர்கள் மனசு திறக்க வேண்டுமென்றால் அவள் கடை சோபாவுக்கு வர வேண்டும். பேப்பர் கப்பில் அவள் கலக்கித் தரும் பாக்கெட் காபியைக் குடித்தபடி கார் நிறுத்தும் சண்டையையும் மாமியார் சண்டையையும் கொட்டுவார்கள். தன்னால்தான் அந்தக் கட்டடமே ஒன்றாக நிற்கிறது என்று சூனிம் நம்பியதில் தப்பில்லை.

பிறகு 302-க்கு ஒத்திக்கு வந்தாள் மா யோன்ஜா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, நாற்பத்தைந்து வயதிருக்கும், தனி ஆள். நல்ல நாள் பார்த்து, எல்லாவற்றுக்கும் முன்னால் சோற்றுக் குக்கரை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் குடிவந்தாள். அன்று சாயங்காலமே சிவப்புப் பயறு அடுக்கி அவித்த அரிசிப் பிட்டை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். பழைய வழக்கம்தான், ஆனால் எல்லோரும் விட்டு வெகுகாலமாகியிருந்தது. ஆச்சரியத்தில் நின்றபடியே தின்றுவிட்டார்கள். அட்டைப் பெட்டி தூக்க உதவிய கிசோலுக்குப் படிக்கட்டிலேயே சுடச்சுட ஒரு துண்டு கிடைத்தது. சூனிம் தன் பங்கை இரண்டு கையாலும் வாங்கி, பார்க்கவே அழகாக இருக்கிறதென்று புகழ்ந்து, உறைபெட்டியில் வைத்து மறந்தாள். கிடைத்த பிட்டை உறைபெட்டியில் போடுவதை அந்த ஊரில் யாரும் தவறென்று நினைப்பதில்லை. செருப்புகள் நடக்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

சோபா காலியானது. காபிப் பாக்கெட்டுகள் பெட்டியோடு தேதி கடந்துபோயின. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கிசோலின் பழுப்பு ஷூவும் அல்லவா போயிற்று! கல்யாணத்தன்றே நான்கு பேர் பிடித்துத் தள்ளித்தான் மண்டபத்துக்குள் வந்த மனிதர் அவர்.

"ஷூ தானா போகுது, அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஷூ தானா போகுது, சரி. சூப்பும் தானா தொண்டைக்குள்ள போகுதா, சூஹோ அப்பா?" என்று மகன் பெயரை வைத்துக் கூப்பிட்டுக் கேட்டாள் சூனிம்.

"குடுத்தா வேண்டாம்னா சொல்றது?"

"நான் குடுத்தா மட்டும் உப்பு ஜாஸ்தி, இல்ல?"

கணவரின் ஷூவை விடவும் அவளை அரித்தது அவளுடைய செருப்பு. வீடு காட்டி வீடு காட்டித் தேய்ந்த அந்தக் கறுப்பு ஜோடி மட்டும் ஒருநாளும் நகரவில்லை. பாலிஷ் போட்டுப் பார்த்தாள். வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்து, கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தும் பார்த்தாள். காலையில் அவை திரும்பி, வீட்டுக்குள் பார்த்தபடி நின்றன.

இரண்டாம் வசந்தத்தில் யோன்ஜாவின் ஒத்தி முடியவிருந்தது. வீட்டுக்காரர் டேஜான் நகரில் இருந்தார், தரகர் சொன்னால் கேட்கிறவர். விலை நன்றாக இருக்கும்போதே விற்றுவிடுங்கள் என்று சூனிம் அவருக்குப் போன் செய்தாள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியையும் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னபோது யோன்ஜாவின் முகம் வாடியது, ஆனால் கோபப்படவில்லை.

"அப்ப வேற வீடும் நீங்களே பாத்துக் குடுங்கக்கா. உங்க கை ராசியான கை."

படிக்கட்டில் வழிமறித்தவர் 201-இன் டாக்சிக்காரர் பே. "முதலாளியம்மா, அந்தம்மா போயிட்டா எங்க செருப்பு எங்க போகும்? தினம் டாக்சி புடிச்சிப் போயி எடுத்துக்கிட்டு வரணுமா?"

"கயித்துல கட்டிப் போடுங்க" என்றாள் சூனிம்.

பத்திரம் எழுதுவதற்கு முந்தின நாள் நெத்திலி தேடி உறைபெட்டியைக் கிளறியபோது, பனி மூடிய பொட்டலம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. யோன்ஜாவின் பிட்டு. "அப்படி என்னத்தைப் போட்டு அவிச்சா எல்லாரும் மயங்கிக் கெடக்கறாங்க, பாத்துடறேன்" என்று அதை ஆவியில் வைத்தாள். குறை கண்டுபிடிக்கவே தின்றாள். அரிசி, பயறு, உப்பு. சர்க்கரை கொஞ்சம் கம்மி. வேறொன்றுமில்லை. குறை தேடித் தேடியே முழுவதையும் தின்று முடித்தாள்.

மறுநாள் விடியுமுன் பூட்டு வழக்கம்போல ஒரு முறையல்ல, இரண்டு முறை பாடியது. எழுந்து வந்து பார்த்தால் அவள் செருப்பைக் காணோம். காலுறையோடு கீழே இறங்கினாள். 302-இன் வாசலில் கறுப்பு ஜோடி உள்ளே பார்த்து நின்றது. "வந்துருச்சு! முதலாளியம்மா செருப்பு வந்துருச்சு!" என்று பே உள்ளேயிருந்து கூவினார், பிள்ளைகள் கை தட்டினார்கள். எடுத்துக்கொண்டு போய்விடத்தான் நினைத்தாள். கால் செருப்புக்குள் நுழைந்தது, ஆனால் செருப்பு திரும்ப மறுத்தது. கிசோல் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"உக்காருங்கக்கா, சூப்பு ஆறிடும்" என்றாள் யோன்ஜா.

உட்கார்ந்தாள். சூப்பில் உப்பு சரியாக இருந்தது, அது அவளுக்கு மேலும் எரிச்சலைக் கொடுத்தது. கடை திறக்கவில்லையே என்று அந்த இளம் ஜோடி போன் செய்தபோது அவள் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தாள். "அந்த வீடு விக்கறதுக்கில்லைங்க. செருப்பெல்லாம் இங்கதான் நிக்குது" என்றாள், கூரை ஒழுகுகிறது என்று சொல்லும் அதே குரலில். அவர்கள் விவரமானவர்கள். அதே கட்டடத்தில் வேறு வீடு காலியானால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். டேஜான்காரரும் சூனிம் சொன்னபடி ஒத்தியை நீட்டித்தார்.

இலையுதிர் காலத்தில் 202 காலியானது. கடைக் கண்ணாடியில் சூனிம் வழக்கம்போல ஒட்டினாள்: "இரண்டாம் மாடி, தெற்கு வெயில், ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம், செருப்பு 302-இல்." அந்த இளம் ஜோடியே குடிவந்தது. சோற்றுக் குக்கர் முதலில் போயிற்று, சாயங்காலம் பிட்டும் வந்தது. சூனிம் அதைக் கதவருகே நின்றபடியே சுடச்சுடத் தின்றாள். மறுநாளே அவர்களுடைய வெள்ளை ஷூக்கள் முதல் வரிசையில் கிசோலின் ஷூவுக்குப் பக்கத்தில் நின்றன, அவளுடைய கறுப்பு ஜோடி இரண்டாம் வரிசைக்குப் போனது. அதனால் அந்த இளம் தம்பதியிடம் அவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காபி மட்டும் கலக்கிக் கொடுக்கிறாள்.