குளிருக்கு அடைத்த கதவு

கதவு இடுக்கில் திணித்திருந்த கம்பளித் துண்டுகளை மத்செபோ சமையல் கத்தியால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள். மேலே மாவுப் பசையால் ஒட்டிய செய்தித்தாள் கல்லாக இறுகியிருந்தது. குளிர் தொடங்கியதும் அவள் கணவன் லெபோனா முன்வாசலை இப்படி அடைத்துவிடுவான். வசந்தம் வரும்வரை எல்லோருக்கும் சமையலறை வாசல்தான். ஆனால் அது குறுகல், லெபோனாவின் சவப்பெட்டி அதில் திரும்பாது. பெட்டி ஏற்றிய வண்டி மொகோட்லோங் நகரைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது.

"நீ அடக்கம் வரைக்கும் துக்க மெத்தைல உக்காந்திருக்க வேண்டியவ. கத்திய வை," என்றாள் லெபோனாவின் அக்கா லிகேலெலி.

"எங்கெங்க ஆணி அடிச்சிருக்கார்னு எனக்குத்தான் தெரியும், அண்ணி."

பக்கத்து வீட்டு செல்லோ கடப்பாரையோடு நின்றான். "ஒரே நெம்பு, அக்கா. திறந்துடும்."

"நிலை பிளந்துடும். வேணாம்."

அவள் அழவில்லை. திங்கட்கிழமையிலிருந்தே அழவில்லை. அன்று காலை லெபோனா குளிர் இறங்காதபடி தகரக் கூரைக்கு அடியில் கழிவு ஆட்டு ரோமத்தைப் பரப்பிவிட்டு இறங்கிவந்தான். "நெஞ்சை என்னமோ பண்ணுது, டீ குடு" என்றான். கோப்பையை வாங்கியவன் குடிக்கவில்லை. அது அவன் மடியில் சாய்ந்து தரையில் வழிந்தது. தரையைத் துடைக்க வேண்டுமே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

லிகேலெலி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல்களில் இரட்டையாகப் பிளாஸ்டிக் தாள். மூலையில் போர்வை சுற்றிய ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே பீன்ஸ் பானை.

"இதென்ன, கைக்குழந்தையா? இப்படிப் போத்தி வெச்சிருக்கீங்க?"

"ஒரு கொதி வந்ததும் இறக்கி வெச்சா தானா வெந்துடும். அடுப்பு எரிய வேணாம்."

"நல்லாயிருக்கு! சுரங்கத்துல அத்தனை வருஷம் கரியோட கிடந்தவன் வீட்டுல ஒரு கரி அடுப்பு இல்ல. என் தம்பி நெருப்பைக்கூடப் பூட்டி வெப்பான்னு ஊரே சிரிக்குது. வந்தவங்க விறைச்சுப்போய் உக்காந்திருக்காங்க."

"அடுப்பு இருந்துச்சு. வித்துட்டார்."

"எதுக்கு?"

மத்செபோ கத்தியை அடுத்த இடுக்கில் செருகினாள்.

லிகேலெலி விடவில்லை. செல்லோவை அனுப்பி அவன் வீட்டுக் கணப்பைக் கொண்டுவரச் செய்தாள். துளையிட்ட தகர டப்பாவில் கரி கனன்றது. பெண்கள் கைகளை நீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். "இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்ற ஒருத்தி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

புகை முன்வாசல் பக்கம் வந்தது. கத்தி நின்றது. மத்செபோவின் நெஞ்சுக்குள் சீழ்க்கை போல ஏதோ இழுத்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. நிலையைப் பிடித்தபடி பாவாடைப் பையில் துழாவி, மருந்துக் குப்பியை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள்.

"எவ்வளவு காலமா இது?" லிகேலெலியின் குரல் இறங்கியிருந்தது.

"வாழ வந்ததுலேருந்து. புகைன்னா ஆகாது. கரண்டு கட்டுப்படியாகல. அதான் அவரு…" மூச்சு அதற்கு மேல் விடவில்லை.

லிகேலெலி கணப்பின் பக்கம் திரும்பினாள். தோளில் போர்த்தியிருந்த போர்வையின் நுனியைக் கைகளில் சுற்றிக்கொண்டு, கணப்பைத் தூக்கிச் சமையலறை வழியாக வெளியே கொண்டுபோனாள்.

"ஏன் பெரியக்கா, குளிருதே?" என்றாள் ஒருத்தி.

"குளிருச்சுன்னா ஒருத்திய ஒருத்தி கட்டிப்பிடிச்சு உக்காருங்க."

திரும்பி வந்து மத்செபோவின் அருகில் மண்டியிட்டாள். கதவின் கீழ் இடுக்கிலிருந்த கம்பளியை நகத்தால் பிய்க்கத் தொடங்கினாள்.

வண்டிச் சத்தம் கேட்டபோது கடைசி ஆணியும் வந்துவிட்டிருந்தது. செல்லோ தோள் கொடுத்ததும் கதவு முனகித் திறந்தது. மலைக்காற்று மொத்தமாக உள்ளே நுழைந்தது. தாள் துணுக்குகள் தரையெங்கும் ஓடின. ஆண்கள் பெட்டியைச் சாய்க்காமல் கொண்டுவந்து, சாமான்களை ஒழித்திருந்த அறையின் நடுவில் வைத்தார்கள். யாரோ கதவைச் சாத்தப் போனார்கள்.

"இருக்கட்டும்," என்றாள் மத்செபோ.

மெத்தையில் போய் உட்கார்ந்தாள். லிகேலெலி பாட்டை எடுத்துக்கொடுத்தாள். பாடிய எல்லோர் வாயிலிருந்தும் வெள்ளையாக ஆவி கிளம்பியது. மத்செபோ பாடவில்லை. மெல்ல மூச்சை விட்டாள். அது பெட்டியின் விளிம்புவரை போய்க் கலைந்தது.