மண் சுமந்தவருக்கு ஒரு பிடி

மழை விட்ட வெயிலில் சேலைகள் மினுங்கின.

மாம்பழ மஞ்சள். மயில்கழுத்து நீலம். ஓரத்தில் விரலகலச் சரிகை. கொடியில் காயவில்லை. மணலை விழுங்கி, வாய் தைக்கப்பட்டு, பதுங்குகுழியைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தூரத்தில் நின்று பார்த்தால் திருவிழா. கிட்ட வந்தால் யுத்தம்.

தவமலர் தைத்தாள். அவள் கணவன் அருளம்பலம் கடற்கரை மணலை அள்ளி நிரப்பினான். மகள் நிரோஜா குழிக்குள் காய்ச்சலில் கிடந்தாள்.

"பட்டுச்சேலையில மண்மூட்டை கட்டுற பணக்காரர் உலகத்தில நாங்கள் மட்டுந்தானப்பா," என்றான் மனைவியிடம்.

"வாயாடாமல் மண்ணைக் கொண்டு வாங்கோ."

ஷெல் குண்டு கூவினால் குழி. ஓய்ந்தால் ஊசி. கூவினால் குழி. ஓய்ந்தால் ஊசி.

தைக்கத் தைக்க அவள் ஒரு பழங்கதையை நினைத்துக்கொண்டாள். வைகை உடைத்த கரையை அடைக்க பிட்டு விற்ற கிழவி வந்திக்கு ஆளில்லாமல் போனபோது, கூலியாளாக வந்து மண் சுமந்தவர் சிவன். உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றவர். அவருக்கு இந்தக் கடற்கரைக்கு வழி தெரியாதா என்ன?

வாசலில் இன்னும் ஒரு மூட்டையளவு இடைவெளி இருந்தது. அதற்கு நேரே நிரோஜாவின் தலை.

துணி முடிந்திருந்தது. மிஞ்சியது தவமலர் தன் கலியாணத்தில் கட்டிய கூறைச்சேலை மட்டும்.

வெட்டினாள். கத்தரிக்கோல் சரிகையில் ஒருமுறை தயங்கியது. அவள் தயங்கவில்லை.

தைத்து முடித்ததும் கடைசிப் பிடி மாவைச் சிரட்டையில் அவித்தாள். தேங்காய்ப்பூ இல்லாத பிட்டு. தட்டியதும் உதிர்ந்தது. பாதியை மகளுக்கு ஊட்டினாள். மீதியை இலையில் எடுத்து வாசலில் வைத்தாள்.

"இது ஆருக்கு?" என்றான் அருளம்பலம்.

"மண் சுமக்கிறவருக்கு."

"அப்ப எனக்குத்தான்!" ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுச் சிரித்தான். "கூலி வாங்கியிட்டன். இனி வேலையை விட்டிட்டு ஓடேலாது."

ஓடவில்லை. கூறையில் மணல் நிரப்பித் தோளில் கொண்டுவந்தான். இடைவெளியில் வைத்தான். வெளியே நின்று, உள்ளங்கையால் அழுத்தி நேராக்கினான்.

அப்போதுதான் ஷெல் விழுந்தது.

மூட்டையின் இந்தப் பக்கம் நிரோஜா. அந்தப் பக்கம் அவன்.

புகை அடங்கியபோது குழிக்குள் ஒரு கீறல்கூட இல்லை. கூறையின் சரிகையோரத்தில் சிறு துளை. அதன் வழியே மணல், மெல்ல மெல்ல, நிரோஜாவின் தலைமாட்டில் உதிர்ந்துகொண்டிருந்தது. வெளியே மூட்டையின்மேல் ஐந்து விரல்களின் தடம்.

தவமலர் அழுதாள். நாட்கணக்காக அழுதாள். நம்பிக்கையை மட்டும் அழுது தீர்க்கவில்லை.

அகதி முகாமில், தண்ணீர் வரிசையில், பக்கத்தில் நின்றவள் கேட்டாள்: "அண்டைக்கு உம்மட சிவன் எங்க போனவர்?"

"எங்கயும் போகேல்லை. என்ர மனுசனோட நிண்டு மண் சுமந்தவர்."

சொன்னபோது அவள் குரல் உடையவில்லை. அதற்குள் ஏதோ ஒன்று, குளத்துநீர் போல, அசையாமல் கிடந்தது.

பன்னிரண்டு வருசங்கள் போயின. இன்று நிரோஜாவின் கூறை கொடியில் தொங்குகிறது. கலியாணத்துக்கு முன் வெயில் காட்டப் போட்டது.

தவமலர் பிட்டு அவிக்கிறாள். இப்போது தேங்காய்ப்பூ உண்டு. உதிராமல் முழுசாக வருகிறது. அவளே ஒரு பிடியை உதிர்த்து, இலையில் வைத்து, முற்றத்து மணலில் வைக்கிறாள்.

மண் சுமந்தவருக்கு.

மழை விட்ட வெயிலில் சேலை மினுங்குகிறது.