லமாரா தூங்கிய புத்தாண்டு

"பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டிருக்கேன்" என்பதுதான் முர்மான் தன் மனைவியிடம் சொன்ன இரண்டாவது வாக்கியம். முதல் வாக்கியம், "இளைச்சுட்ட."

ஜார்ஜியாவில், குட்டாய்சி விமான நிலையத்துக்கு வெளியே மழை நசநசத்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷம் கழித்து லமாரா ஊர் மண்ணை மிதிக்கிறாள். இத்தாலியில், பாரி நகரத்தில், படுக்கையோடு படுக்கையாகிவிட்ட ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முறையான குடியேற்றக் காகிதம் இல்லாமல் போனவள். அது கைக்கு வந்து, ஊருக்கு வர வழி பிறந்தது இந்த இலையுதிர் காலத்தில்தான். பத்து நாள் லீவு.

"பதினெட்டுப் பேரா?" என்றாள்.

"எல்லாரும் உன் சாப்பாட்டுக்காக ஏங்கிக் கெடக்கறாங்க. ஒன்பது கிலோ வான்கோழி சொல்லி வச்சிருக்கேன். வால்நட் பருப்பு மட்டும் நாலு கிலோ." காரை ஓட்டிக்கொண்டே முர்மான் பட்டியல் போட்டான். வால்நட் குழம்பில் ஊறிய வான்கோழி சாத்ஸிவி, பாலாடைக்கட்டி ரொட்டி, கீரை உருண்டை, தேனில் பருப்பு போட்டுக் கிளறும் கோஸினாக்கி. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் லமாராவுக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. கார்க் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "சரி" என்றாள்.

வீட்டில் கதவைத் திறந்தவள் ட்சியூரி, முர்மானின் அக்கா. புருஷன் செத்தபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். லமாரா போனதிலிருந்து அடுப்படி அவள் கையில். அவள் லமாராவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், ஆனால் கட்டிப்பிடித்த கை சீக்கிரமே விலகியது.

அடுத்த இரண்டு நாளும் லமாரா ஓயவில்லை. மாவு பிசைந்தாள், கீரை வேகவைத்துப் பிழிந்தாள், தேன் காய்ச்சினாள். அடுப்படியில் ஒரு சாமானும் அவள் வைத்த இடத்தில் இல்லை. உப்பு எங்கே என்று கேட்டால் ட்சியூரி பதில் சொல்லாமல் எடுத்து நீட்டுவாள். பாத்திரத்தை லமாரா இடது பக்கம் வைத்தால், ட்சியூரி அதை வலது பக்கம் நகர்த்துவாள். இருவருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மதியம், விறகடுப்பு எரிந்துகொண்டிருந்த அறையில், மேஜை விளிம்பில் அரைக்கும் மெஷினைத் திருகி மாட்டிக்கொண்டு லமாரா வால்நட் அரைக்க உட்கார்ந்தாள். வீட்டில் சூடாக இருப்பது அந்த ஓர் அறைதான். பக்கத்தில் ட்சியூரி பூண்டு உரித்தாள். அடுப்பில் வான்கோழி வெந்துகொண்டிருந்தது. முர்மான் எட்டிப் பார்த்து, "ஆஹா, லமாரா கை பட்டதும் வீடே மணக்குது" என்று சொல்லிவிட்டுத் திராட்சை மது எடுக்கப் போனான்.

ட்சியூரி பூண்டைக் கிண்ணத்தில் வீசினாள்.

"அந்த வான்கோழியக் கழுவி அடுப்புல ஏத்தினது நானு. மணக்கிறது மட்டும் உன் கையாம்."

"அவன் சொல்றதை விடுங்கக்கா."

"ஆறு வருஷமா விட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நான்தான் சமைச்சேன். வர்றவன் எல்லாம் வயிறு புடைக்கத் தின்னுட்டு, 'லமாரா இருந்திருந்தா'ன்னு பெருமூச்சு விட்டுட்டுப் போவான். இல்லாதவளோட எவ மல்லுக்கட்ட முடியும்?"

லமாரா மெஷின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினாள். "நான் அங்க விருந்தா தின்னுட்டு இருந்தேன்? பண்டிகை அன்னிக்கு அந்தம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டு, மிச்சத்தை நின்னுக்கிட்டே குடிப்பேன்."

"ராத்திரியாவது படுப்பியா?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகு புண்ணாயிடும்."

"தினமுமா?"

"புண்ணுக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமாக்கா?"

ட்சியூரி அவளையே பார்த்தாள். எழுந்துபோய் வான்கோழியைக் கரண்டியால் திருப்பிப் போட்டாள், நுரையை வழித்தாள், விறகைத் தள்ளினாள். திரும்பி வந்தபோது லமாராவின் நெற்றி மேஜைமேல் இருந்தது. கையில் ஒரு பிடி வால்நட். மூச்சு சீராக வந்தது.

லமாரா கண் விழிக்குமுன்பே அவள் கை விழித்துக்கொண்டது. வழக்கம்போல, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கிழவியின் தோளைத் தேடித் துழாவியது. சுவர்தான் அகப்பட்டது. திடுக்கிட்டு எழுந்தாள். தன் வீட்டுக் கட்டில். மேலே இரண்டு கம்பளி. காலில் இருந்த பூட்ஸை யாரோ கழற்றியிருந்தார்கள். சன்னலில் வெள்ளை வெளிச்சம். கடிகாரத்தில் பதினொன்று.

ராத்திரி பதினொன்றுக்கு இவ்வளவு வெளிச்சம் இருக்காதே என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகுதான் விளங்கியது. ஒரு ராத்திரி முழுக்கப் போய்விட்டது. விருந்தும் போய்விட்டது. வெறுங்காலோடு கூடத்துக்கு ஓடினாள்.

நீள மேஜை முழுக்க எச்சில் தட்டுகள், கவிழ்ந்த கோப்பைகள், எலும்புகள். நடுவில் ட்சியூரி ஒற்றையாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பியிருக்கலாமே அக்கா" என்றாள் லமாரா. "என்ன நெனைச்சிருப்பாங்க? ஆறு வருஷம் கழிச்சு வந்தவ..."

"உக்காரு. முர்மான் எழுப்பத்தான் வந்தான். நான் கரண்டியோட வாசல்ல நின்னேன். 'இவளை எழுப்பினியோ, உன் பதினெட்டுப் பேரையும் கூட்டிக்கிட்டு ஓட்டலுக்குப் போயிடு'ன்னேன்."

"வால்நட்?"

"யார் அரைச்சதுன்னு கேக்குறியா? அவன்தான். மிச்சம் அத்தனையும். உள்ளங்கையில கொப்புளம் பாரு, கேட்டா காட்டுவான். கேக்காட்டியும் காட்டுவான்."

முர்மானும் அவளும் சேர்ந்து லமாராவைக் கட்டிலுக்குத் தூக்கிப்போனதையும், வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி 'உள்ளே ஒருத்தி தூங்குறா' என்று ட்சியூரி எச்சரித்ததையும் லமாரா ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தாள். பதினெட்டுப் பேரும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். ஜார்ஜியக்காரன் மது மேஜையில் பாடாமல் இருப்பது நடக்கிற காரியமா? அதுவும் நடந்தது. கோப்பையை உயர்த்திச் சொல்லும் ஒவ்வொரு வாழ்த்தையும் எழுந்து நின்று கிசுகிசுத்தே சொன்னார்கள்.

"உனக்கும் ஒரு வாழ்த்து சொன்னாங்க. நம்ம பக்கத்து வீட்டு ஓட்டாரி இருக்கானே, அவன் கிசுகிசுன்னு அழுதான்கூட. பன்னெண்டு மணிக்கு ஊரே வெடி வெடிச்சுது. நீ புரண்டுகூடப் படுக்கல."

ட்சியூரி ஒரு தட்டில் சாத்ஸிவி எடுத்து வைத்தாள். குளிர்ந்து இறுகி, மேலே எண்ணெய் மின்னியது. லமாரா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நல்லாருக்கு."

"பூண்டு தூக்கல். எனக்கே தெரியும்." ட்சியூரி கோப்பையைக் கீழே வைத்தாள். "இதைத் தின்னுட்டு ஓட்டாரி, 'ஆறு வருஷமாச்சு லமாரா கைப்பக்குவத்தைத் தொட்டு'ன்னான். நான் எழுந்து நின்னுட்டேன். 'அவ தூங்குறா. இது என் கை. நீ ஆறு வருஷமா தின்னதும் என் கைதான்'னேன். மெதுவாத்தான் சொன்னேன். ஒருத்தனும் நிமிந்து பாக்கல."

லமாரா தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். பசி அவளையே ஆச்சரியப்படுத்தியது. இன்னும் கொஞ்சம் என்று நீட்டினாள். ட்சியூரி எழுந்துபோய் நிறையக் கொண்டுவந்தாள்.

ஜனவரி இரண்டு பெதோபா, அதிர்ஷ்ட நாள். அந்த நாளில் எப்படி இருக்கிறோமோ வருஷம் முழுக்க அப்படித்தான் என்பார்கள். ட்சியூரி காலையிலேயே அறிவித்துவிட்டாள், அடுப்படிப் பக்கம் தன் நிழல்கூடப் படாது என்று. பாத்திரமெல்லாம் முர்மான் தலையில் விழுந்தது.

"கொப்புளத்தோட கழுவுறேன்" என்றான் உள்ளேயிருந்து.

"அப்போ வருஷம் பூரா கழுவுவே, தம்பி" என்றாள் ட்சியூரி.

அப்போது பாரியிலிருந்து போன் வந்தது. கிழவியின் மகள். மாற்று ஆள் சரியில்லை, அம்மாவுக்கு முதுகு சிவந்துவிட்டது, இரண்டு நாள் முன்னதாக வர முடியுமா என்று கேட்டாள். லமாரா முதுகைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள். எந்தத் தைலம் என்று சொன்னாள். பிறகு, அவளே எதிர்பார்க்காமல், தெரிந்த இத்தாலிய மொழியில் நிதானமாகச் சொன்னாள்: எட்டாம் தேதிதான் வருவேன். பகலுக்கு மட்டும். ராத்திரிக்கு வேறு ஆள் பாருங்கள். முடியாதென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன்.

யோசித்துச் சொல்வதாக மகள் போனை வைத்துவிட்டாள்.

அந்த வேலை போய்விட்டால்? புத்தாண்டுக்கு லீவு கிடைக்காமல் போனில் மட்டும் பேசிய மகன், படித்து முடித்து பத்தூமி ஊரில் வேலையில் இருக்கிறான், கூரை மாற்றியாயிற்று. ஆனாலும் லமாரா மூன்று நாள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினாள். முர்மான் தானே எழுந்து விறகு கொண்டுவந்து போட்டான்.

ஐந்தாம் தேதி செய்தி வந்தது. வாரத்தில் மூன்று ராத்திரிக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்கிறார்களாம். மற்ற நான்கும் அவள்தான்.

லமாரா அதைப் படித்துக் காட்டினாள்.

"மூணா?" என்றாள் ட்சியூரி. "நாலாச்சும் கேளு."

லமாராவுக்கும் அது தோன்றாமல் இல்லை. பேசிப் பெறுவதற்கு வேண்டிய தெம்புதான் அன்றைக்கு அவளிடம் இல்லை. சரி என்று பதில் எழுதி அனுப்பிவிட்டு, பெட்டியைக் கட்டில் அடியிலிருந்து இழுத்தாள்.