மாணிக்கக் கண்

முத்திருளன் திருப்பரங்குன்றத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். 1985-இல், கப்பலில் வேலை பார்த்த அவருடைய மைத்துனர் ஒரு வெளிநாட்டு விளையாட்டுப் பெட்டி அனுப்பினார். ஒருவர் புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்கார வீரர்களாக நடித்து, ஆபத்து வந்தால் பகடை உருட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மில் தொழிலாளி மருதுவும் நர்ஸ் செல்லக்கிளியும் ஆட வந்தார்கள். தென்னிந்தியக் காட்டுக் கோயிலில் சிலையின் மாணிக்கக் கண்ணைத் திருடுவதுதான் கதை.

"கோயில் வாசலுக்கு வந்துட்டீக. என்ன செய்யிறீக?" என்று கேட்டார் முத்திருளன்.

"செருப்பக் கழட்டுறேண்ணே," என்றான் மருது.

புத்தகத்தில் அதற்கு விதி இல்லை. தரையெல்லாம் தேள் என்று மட்டும் போட்டிருந்தது. மருது பகடை உருட்டினான், எண் சரியாக விழாததால் கதையில் அவனைத் தேள் கொட்டிவிட்டது. செல்லக்கிளி ஊசி போட்டுப் பிழைக்க வைத்தாள். அவன் நொண்டிக்கொண்டே சன்னதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

"மாணிக்கத்த எடுக்கலையா மாப்ள?" என்றார் முத்திருளன்.

"சாமி கண்ண நோண்டவா பஸ் ஏறி வந்தேன்?"

விதிப்படி இருவரும் தோற்றார்கள். முத்திருளனுக்கு எரிச்சலாக இருந்தது.

"அண்ணே, இங்கிருந்து முன்னாடியே அள்ளிட்டுப் போனதெல்லாம் லண்டன்லதான இருக்கும்? அதப் போயித் தூக்கிட்டு வருவோம்," என்றாள் செல்லக்கிளி.

முத்திருளன் புத்தகத்தைப் புரட்டினார். லண்டனுக்கு வரைபடமே இல்லை. வீரர்கள் வீடு திரும்பும் ஊர் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அவரே ஒரு தாளில் வரைய ஆரம்பித்தார்.

"லண்டன நீங்க பாத்திருக்கீகளாண்ணே?" என்றான் மருது.

"இத எழுதுனவன் நம்ம ஊரப் பாத்தானாக்கும்?" என்றவர், லண்டன் ஆற்றில் நாலு முதலைகளை வரைந்தார்.