நிலத்தின் நடுவே ஓடை

கீழ்பென்னாத்தூர் அருகே டேட்டா சென்டர் கட்ட ஒரு கம்பெனி நிலம் பார்த்திருந்தது. அதற்கு லீகல் ஒப்பீனியன் எழுதித் தரும் வேலை திருவண்ணாமலை வக்கீல் த்ரிசலாவுக்கு வந்தது. பழைய பதிவேட்டில் நிலத்தின் நடுவே ஏரிக்குப் போகும் ஓடை இருந்தது. புதிய வரைபடத்தில் அது இல்லை.

காலையிலிருந்து நான்கு முறை போன் செய்த கம்பெனி மேனேஜர், மதியம் நேரிலேயே வந்துவிட்டார்.

"அதுல தண்ணி வந்து இருபது வருஷம் ஆச்சுங்க மேடம். கையெழுத்து போட்டுக் குடுங்க."

"தண்ணி வரலன்னாலும் அது அரசாங்க நிலம்தாங்க. ஓடைய விட்டுட்டுக் கட்றதா இருந்தா எழுதித் தரேன்," என்றாள் த்ரிசலா.

"அப்போ வேற வக்கீலப் பாத்துக்கறோம்," என்று அவர் ஃபைலை வாங்கிக்கொண்டு போனார்.

அவளால் உட்கார முடியவில்லை. ஊரிலுள்ள வக்கீல்களில் யார் கையெழுத்துப் போடுவார் என்று ஒவ்வொரு பெயராக நினைத்தபடி, மாலை வரை அறைக்குள்ளேயே நடந்தாள்.